சிவப்புத் துண்டு

அத்தியாயம் 11

அவள் கடைசியாக வாசல் கேட்டைத் தாண்டி அன்றோடு இருநூற்றுப் பதினேழு நாட்கள் ஆகியிருந்தன. இந்தக் கணக்கு வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்றே மற்றவர்கள் நினைக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண் வீட்டில் இருக்கிறாள். இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

பின்னறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கியது. துண்டு தொங்கினால் பெரியவள் வேலையில் இருக்கிறாள், யாரும் கூப்பிடக் கூடாது என்று அர்த்தம். ஏற்பாடு அப்பாவுடையது. வீட்டிலிருந்து வேலை தொடங்கிய புதிதில் அவர் கூடத்தில் நின்று போட்ட ஒரு தும்மல் மேலாளரின் காதுவரை போய், "வீட்ல ஏதாவது வெடிச்சிருச்சா?" என்று அவர் கேட்டுவிட்டாராம். அன்று மாலையே அப்பா வேனைத் துடைக்க வாங்கிய புதுத் துண்டைக் கொண்டுவந்து மாட்டினார்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் மாமா. அப்படிப்பட்ட குரல்காரர் தன் சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நடக்கப் பழகியிருந்தார். அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கதவோர முக்காலியில் வைத்து, ஒரு விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. பேச்சுதான் இல்லை.

அன்று அம்மா வீட்டில் இல்லை. சின்னவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நிறைமாதத்தில் சின்னவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதும், இனியும் காத்திருக்க வேண்டாம், அன்று மதியமே ஆபரேஷன் என்று டாக்டர் முடிவு செய்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் என்ஜினியர். கப்பல் நடுக்கடலில் இருந்தது. மனைவிக்கு ஆபரேஷன் என்ற செய்தி அவரைப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பெரியவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார் அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டு, பதில் சொன்ன ஊழியருக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. வணக்கம் சொன்னாரா, இரண்டு. பெயர் கேட்டாரா, இரண்டு. மன்னிப்புக் கேட்டாரா, மூன்று. காலையிலிருந்து மாலைவரை காதில் மனிதக் குரல்கள். அதில் ஒன்றுகூட அவளோடு பேசுவதில்லை.

அன்று ஒரு பதிவில் ஒரு பெண்மணி வெகு நேரம் காத்திருந்தார். பின்னால் இசை ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில், "ஹலோ... லைன்ல யாராவது இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்," என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்மணி பேசி மூன்று வாரம் ஆகிறது. அவருடைய மெஷின் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். பதிவுகளுக்குப் பதில் சொல்வது இது முதல் முறையில்லை.

கதவு லேசாகத் திறந்தது. அப்பாவின் மூக்கு மட்டும் உள்ளே வந்தது.

"கண்ணு, மீட்டிங்கா?" என்று கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"இல்லப்பா. சொல்லுங்க."

"லீவு கேட்டியா?"

அவள் திரையைப் பார்த்தாள். "கேட்டேன். முடியாதுன்னுட்டார். மாசக் கடைசியாம்."

அவள் கேட்கவே இல்லை.

"என்ன மனுஷன் அவன்? கூடப் பொறந்தவளுக்கு ஆபரேஷன்! ஒரு நாள் துணி துவைக்கலைன்னா ஊர்ல யாராவது செத்தா போயிடுவாங்க?" குரல் தன்னை மறந்து ஏறிவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு துண்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கிசுகிசுப்பு. "நீ கவலைப்படாதே. நான் ட்ரிப் முடிச்சுட்டு ஏதாவது வழி பண்றேன்."

என்ன வழி என்று அவள் கேட்பதற்குள் மூக்கு மறைந்துவிட்டது. வெளியே வேன் கிளம்பியது.

அடுத்த நிமிடம் போன். சின்னவள்.

"அக்கா, கெளம்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. தியேட்டர் கதவு வரைக்கும் ஒரே ஒருத்தர் கூட வரலாமாம்."

"அம்மா இருக்காங்களே."

"யாரு, நம்ம அம்மாவா? எனக்குப் போட்ட ஊசியைப் பார்த்துட்டு அவங்க நாற்காலியில சாஞ்சுட்டாங்க. நர்ஸ் என்னை விட்டுட்டு அவங்களுக்கு பிபி பார்த்தாங்க. அவங்க வந்தா நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே அவங்களைத் தேத்தணும்."

பெரியவள் சிரித்தாள். சிரிப்பு தொண்டையில் இடித்துக்கொண்டு வந்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"அக்கா." சின்னவளின் குரல் இறங்கியது. "அவரும் இல்ல. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. நீ வந்து கையைப் புடிச்சுக்கோ. அது போதும் எனக்கு."

"வர்றேன்."

"உன் கம்பெனி?"

"அதை நான் பார்த்துக்கறேன். வர்றேன்னு சொல்றேன்ல."

பொய்யில்லை. அந்த நிமிடத்தில் அவள் அதை முழு மனசோடுதான் சொன்னாள்.

குளித்தாள். புடவை கட்டினாள். தலை வாரினாள். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. தூசி படிந்து, வார் விறைத்துப் போயிருந்தது. ஈரத் துணியால் துடைத்துக் காலில் மாட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் தாராளமாக இருந்தது. கைப்பையில் தண்ணீர்ப் பாட்டிலும் கைக்குட்டையும் வைத்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே. அதற்கு ஒன்றும் பெரிய தெம்பு தேவையில்லை.

வீட்டுக் கதவைப் பூட்டினாள். முற்றத்து வெயில் முகத்தில் விழுந்தது. கேட் வரை போய்விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தும்விட்டாள்.

அங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது.

முதலில் வேகமாக. பிறகு தாறுமாறாக. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை ஈரத்தில் தாழ்ப்பாள் வழுக்கியது. இது என்ன என்று அவள் படித்திருந்தாள். ஆபத்தே இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து மணி அடிக்கிறது, பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும், இதனால் யாரும் சாவதில்லை. எல்லாம் படித்திருந்தாள். அவள் படித்ததை அவள் உடம்பு படிக்கவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலோர மெஷினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அடடா, யாரு இது! உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! எங்களுக்குச் சொல்லாமலே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன்!"

நல்ல மனசுக்காரர். ஒரு சிரிப்பு, ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை. தெரு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. தெருவில் யாரும் இல்லை, சாய்த்து வைத்த ஒரு சைக்கிளைத் தவிர.

எப்படித் திரும்பினாள், பூட்டை எப்படித் திறந்தாள் என்று தெரியவில்லை. பின்னறைத் தரையில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். மூச்சு கொஞ்சம் சீரானதும் எழுந்து, கீழே விழுந்து கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

*

அப்பா யோசித்து வைத்திருந்த வழி ரொம்ப நேரானது. மேலாளரை நேரில் பார்த்து ஒரு நாள் லீவு கேட்பது. கெஞ்சினால் கொடுப்பானா, மாட்டானா? கொடுக்காவிட்டால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவது. அந்த நாலு வார்த்தைகளையும் வழியெல்லாம் ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்த்தார்.

ஆபீஸ் கட்டடத்தை அவர் பார்த்திருக்கிறார். மகள் வேலையில் சேர்ந்த நாளில் கொண்டுவந்து இறக்கிவிட்டது இங்கேதான். மகள் சொன்னபடி இப்போது பூட்டியிருக்கும், ஒரு காவலாளியும் அந்த மேலாளரும் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்து வந்தவர், வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

மேலே போனால், பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள். மேசைக்கு மேசை ஆட்கள். ஒருத்தி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம், சிரிப்பு.

மேலாளர் சின்ன வயசுக்காரன். மகளின் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டான்.

"அவங்க வீட்ல இருந்தா வர்றீங்க? உட்காருங்க சார். அவங்க அப்பா இப்ப எப்படி இருக்கார்?"

அப்பா உட்காரப் போனவர் பாதியில் நின்றார்.

"யாரு?"

"அவங்க அப்பா சார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்காரே. இப்ப ஏதாவது தேறியிருக்கா?"

பக்கத்து மேசைப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அவருக்குப் பேச்சு வந்துருச்சா சார்? பேச்சே போயிடுச்சுன்னு சொன்னா. பாவம், அவ ஒருத்தியா என்னதான் பண்ணுவா!"

ஹாரன் மாமாவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச்சு வரவில்லை.

"மூடியிருந்த ஆபீஸ் மறுபடி தெறந்த அன்னிக்கு அவங்களும் வந்தாங்க சார்," என்றான் மேலாளர். "நாங்கல்லாம் லிஃப்ட் வாசல்லயே நின்னு 'ஓ'ன்னு கத்தி வரவேற்பு கொடுத்தோம். அவங்க அப்படியே வேர்த்துப் போய் நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல. படியில எறங்கிப் போயிட்டாங்க. சாயங்காலம்தான் மெசேஜ் அனுப்புனாங்க, அப்பாவுக்கு வாதம், வீட்ல இருந்து போன் வந்துச்சுன்னு. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனாலதான் அவங்களை மட்டும் வீட்ல இருந்தே பார்க்கச் சொல்லியிருக்கோம்."

அந்த நாள் அப்பாவுக்கு நினைவிருந்தது. வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். காலையில் போன மகள் நனைந்த ஜாக்கெட்டோடு மத்தியானமே வந்தாள். "என்ன, சீக்கிரம் வந்துட்டே?" "ஆபீஸை மூடிட்டாங்கப்பா. இனிமே எப்பவும் வீட்ல இருந்துதான்." "நல்லதாப் போச்சு, பஸ்ல நசுங்க வேண்டாம்," என்றார் அவர். சொல்லிவிட்டு டயருக்குத் திரும்பினார்.

சுவரில் ஒரு பலகை. அதில் சிறந்த ஊழியர்களின் படங்கள். மூன்று படங்களில் மகள் இருந்தாள்.

"ஒரு நாள்கூட லீவு எடுக்கலை சார்," என்றான் மேலாளர் பெருமையாக. "அப்பாவையும் பார்த்துக்கிட்டு! நாங்கதான் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கன்னு கெஞ்சறோம். ஆமா, நீங்க அவங்களுக்கு...?"

அப்பா அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கிடம் ஒத்திகை பார்த்த நாலு வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"சித்தப்பா," என்றார். "நான் அவ சித்தப்பா."

"அப்பாவுக்கு இப்ப...?"

"கொஞ்சம் கொஞ்சமாப் பேசறார்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு நாள் லீவு வேணும் தம்பி. வீட்ல கொஞ்சம் முடியல."

*

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டரை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. துண்டு தொங்கியது. அப்பா அதன் முன்னால் நின்றார். எத்தனை நாள் இந்தத் துண்டைப் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்! நோயாளி படுத்திருக்கிற வீட்டில்தான் அப்படி நடப்பார்கள்.

"பெரியவளே!"

முழுக் குரல். சுவர் அதிர்ந்தது. உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. கதவு திறந்தது. புடவையும் செருப்புமாக, முகம் வெளுத்துப்போய் நின்றாள் அவள்.

"உன் மேலாளரைப் பார்த்துட்டு வர்றேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் லீவு கொடுத்துட்டான். நல்ல பையன். அண்ணன் உடம்பு எப்படி இருக்குன்னு அக்கறையா விசாரிச்சான்."

"எந்த... அண்ணன்?"

"பக்கவாதம் வந்து படுத்திருக்கானே, அந்த அண்ணன். நான் உன் சித்தப்பா. மறந்துடாதே, அவன் கேட்டா அப்படியே சொல்லு."

அவள் நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். "அப்பா... நான்... அது வந்து..."

"இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாம் அப்புறம். சின்னவ காத்துக்கிட்டிருக்கா. எழுந்திரு கண்ணு."

கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கூட்டி வந்தார். வேனைக் கேட்டோடு ஒட்டி நிறுத்தி, பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து வைத்திருந்தார். ஒரு எட்டு வைத்தால் வேனுக்குள். தெருவே தெரியாது.

"பாரு, வெளியவே இல்ல. வீட்ல இருந்து நேரா வண்டி. நான் ஓட்டறேன், நீ கண்ணை மூடிக்கோ."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலைத் தூக்கினாள். கேட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு ஏறியது, இறங்க மறுத்தது.

"ஒரே ஒரு அடி."

"முடியலப்பா."

"முடியும்டா. நான் இருக்கேன்ல."

"முடியலப்பா. முடியல." கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஒரு முறை. மறுபடியும். அப்பா தன் உள்ளங்கையை நடுவில் வைத்தார். மூன்றாவது இடி அந்தக் கையில் விழுந்தது.

தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனை முறை அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறார். அவள் விரல்கள் கம்பியைச் சுற்றி வெளுத்திருந்தன. அந்த விரல்களைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.

போன் அடித்தது. அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?" அம்மா அழுதுகொண்டிருந்தாள். "ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு! இவ ஏற மாட்டேங்கறா!"

"அக்கா!" சின்னவள் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "எங்க இருக்கே? கீழ வந்துட்டியா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"சிக்னல்மா! சிக்னல்ல மாட்டிக்கிட்டோம்! பெரிய நெரிசல்! இதோ, பக்கத்துல வந்துட்டோம்!"

வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் துணைக்கு வந்தது.

"அப்ப நான் காத்திருக்கேன்ப்பா. அக்கா வராம நான் உள்ள போக மாட்டேன்."

பின்னால் இன்னொரு குரல், நர்ஸ் போலிருக்கிறது. "இங்க பாரும்மா, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. இனிமே ஒரு நிமிஷம்கூடத் தள்ள முடியாது. குழந்தைக்கு ஆகாது."

"அஞ்சு நிமிஷம் சிஸ்டர்! எங்க அக்கா சிக்னல்ல இருக்கா. அவ வர்றேன்னு சொன்னா வருவா."

அப்பா அடுத்த பொய்க்காக வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மகளைப் பார்த்தார். அவர் முகத்தை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெரியவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். விரல் விரலாகத்தான் எடுக்க முடிந்தது. போனை வாங்கினாள்.

"காத்திருக்காதே," என்றாள்.

"என்னது? கேக்கல அக்கா."

"காத்திருக்காதே. இப்பவே உள்ள போ. நாங்க சிக்னல்ல இல்ல. அப்பா எனக்காகப் பொய் சொல்றார். வீட்லதான் இருக்கோம்."

"விடலையா? அந்த மேலாளர்..."

"அவர் விட்டுட்டார். அவர் என்னிக்குமே என்னைத் தடுத்ததில்ல. ஆபீஸ் மறுபடி தெறந்து ஏழு மாசம் ஆச்சு. எல்லாரும் போறாங்க. நான்தான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

"அக்கா, என்ன சொல்றே நீ? புரியல. நீ வர்றியா, இல்லையா?"

பெரியவளின் குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. அந்த வீட்டில் வெகு காலத்துக்குப் பிறகு அது உரக்க வந்தது. ஜன்னலோரத் தையல் மெஷின் நின்று போனது.

"வர மாட்டேன்னு இல்லடி. என்னால வர முடியல. கேட்டுக்குப் பக்கத்துல வந்தாலே செத்துப் போற மாதிரி இருக்கு. எனக்கு மனசு சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல."